வலப்பக்க இருக்கை

ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து
இந்தக் காரை ஓட்டுகிறவள் நான்.

தலவாக்கலைச் சந்தியில் பள்ளிப் பிள்ளைகள்
என் வெறுங்கைகளைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள்.
அந்தப் பக்கம், கானை ஒட்டி,
பரமகுரு சக்கரத்தைப் பிடித்திருப்பது
அவர்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை.

அமெரிக்கக்காரன் தன் ரோட்டுக்கு வார்த்த வண்டி.
நம் வளைவுகளில் இவனுக்குத் தெரிவதெல்லாம்
முன்னே போகும் பஸ்ஸின் முதுகு.
எதிரே வருவதை நான்தான் சொல்ல வேண்டும்.
"வருதா?"
"பொறு."
"இப்ப?"
"பொறு என்றேனே... சரி, போ, போ, போ!"
இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில்
நான் சொன்னதும் அவன் கேட்பது
இந்த நாலு விநாடிதான்.

டொட்ஜ் சார்ஜர், அறுபத்தொன்பது.
பொகவந்தலாவைப் பக்கம் மூடிக் கிடந்த பெக்டரியில்
அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்தது.
விற்க வந்த அந்தோனிப்பிள்ளை
விலை சொன்னபோது காரைப் பார்க்கவில்லை,
என் கைப்பையைப் பார்த்தான்.
குளியலறைக்கு ஓடு பதிக்க
நான் எடுத்த சீட்டுக் காசு அதில் இருந்தது.

பரமகுரு கதவைத் திறந்து மூடினான்.
திரும்பவும் திறந்து மூடினான்.
"சத்தத்தைக் கேட்டியா?"
கேட்டேன்.
உண்டியல் நிறைந்த சத்தம் போல இருந்தது.

பொனட் துருவில் இறுகிப்போயிருந்தது.
காசு கைமாறி, கார் ஹட்டனுக்கு வந்து,
கடப்பாரை போட்ட பிறகுதான் திறந்தது.
எட்டுச் சிலிண்டர் இருந்த குழியில்
ஒரு சின்ன லொறியின் டீசல் எஞ்சின்,
பங்களாவுக்கு வாடகைக்கு வந்தவன்
ஒரு மூலையில் பாய் விரித்ததைப் போல.
அன்றிரவு அவன் சோறு தின்னவில்லை.
நான் இரண்டு தரம் போட்டுத் தின்றேன்.

பிறகு தேடல்.
பம்பர், கண்டியில் ஒரு பல் வைத்தியர் வீட்டுப் பூந்தோட்ட வேலியில்.
ஹோர்ன், ஒரு மீன் லொறியில்.
எஞ்சினைப் பற்றி மூன்று வருடம் மூச்சில்லை.
மூன்றாம் மாசியில் யாரோ சொன்னார்கள்:
பொரலந்தையில் ஒரு கிழங்குத் தோட்டம்,
ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற பம்பு
சிங்கம் மாதிரிக் கத்துது என்று.

போனோம்.
தகரக் கொட்டிலுக்குள், சிமெந்துக் கட்டில்,
தார்ப்பாய் போர்த்தி இருந்தது.
ஹேமசிறி இரண்டு மொழியையும் பிசைந்து பேசினான்:
"பெற்றோல் குடிக்கிற பேய்தான், நோனா.
மழை பொய்க்கிற பத்து நாள் மட்டும் எழுப்புவேன்.
குடுத்தா, மேல் பாத்திக்கு ஆர் தண்ணி தூக்கிறது?"

பரமகுரு தொகை சொன்னான்.
கூட்டிச் சொன்னான்.
ஹேமசிறி பதில் சொல்லாமல் சாவியைத் திருகினான்.

முதலில் ஒரு இருமல்.
அப்புறம் என் காலடி மண் நடுங்கி
பல்லுக்குள் ஏறியது அது.
எங்கோ மேலே, கண்ணுக்குத் தெரியாத குழாய் வாயில்,
தண்ணீர் விழத் தொடங்கியது.
பரமகுரு கொஞ்ச நேரம் நின்றான்.
"காபரேட்டர் சரியில்லை,
ஒரு சிலிண்டர் பிந்துது" என்றான்.
சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தான்.
பொழுது சாயும் வரை நிமிரவில்லை.

காசு வேண்டாம் என்றோம்.
அரை மூட்டை கிழங்கு ஏற்றிவிட்டான் ஹேமசிறி.

ஹக்கலை தாண்டும்போது பனி இறங்கியது.
இந்தக் காரின் விளக்குகளுக்கு இமைகள் உண்டு,
பழைய எஞ்சின் இழுத்த மூச்சில் திறந்தவை.
டீசலுக்கு அந்த மூச்சு இல்லை.
இறங்கி, இமைகளைக் கையால் தூக்கி,
இடுக்கில் பக்கத்துக்கு ஒரு கிழங்கைச் சொருகினேன்.
வெளிச்சம் வந்தது.
வெளிச்சத்தில் பனிதான் இருந்தது.

முன்னால் கரட் லொறி ஒன்று ஊர்ந்தது.
"வருதா?" என்றான்.
வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தெரியலை."
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
நானுஓயா வரை
அந்த லொறியின் பின்னாலேயே வந்தோம்.